கழுத்தில் வளையம் போட்ட கழுகு

“இது அசலா, போலியா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க.”

மடித்த வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்த நீண்ட வாளை மேசைமேல் வைத்துவிட்டுச் சபாநடேசன் கேட்டார்.

எஸ்தர் வாளைப் பார்க்கவில்லை. கேட்டவரைப் பார்த்தார்.

“இதுல மொதல்ல எதைப் பார்த்தீங்க?”

“முத்திரையை. அலகுல ஓநாய் இருக்கு பாருங்க. ஜெர்மனியில சோலிங்கன்னு ஒரு ஊர். அந்த ஊர்க் கொல்லர்கள் போடுற முத்திரை.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? ஓநாய் இருந்தது. வாங்கிட்டேன்.”

“அப்ப இன்னும் வாளைப் பார்க்கல,” என்றார் எஸ்தர். “எடுத்துட்டுப் போய்ப் பார்த்துட்டு வாங்க.”

நாற்காலியில் உட்காரக்கூட நேரமில்லாமல் வழக்கு முடிந்துவிட்டது.

*

சபாநடேசன் மாவட்ட நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு மாயவரத்தில். ஓய்வு பெற்றவர்கள் சிலர் கோயில் கோயிலாகப் போவார்கள், சிலர் ரோஜாச்செடி வைப்பார்கள். இவர் பழைய ஐரோப்பிய ஆயுதங்களைச் சேர்த்தார். பிரெஞ்சுக்காரரின் உடைவாள், டேனிஷ் சிப்பாயின் தலைக்கவசம், யார் நெஞ்சைக் காத்ததோ காக்காமல் விட்டதோ தெரியாத ஓர் இரும்பு மார்புக் கவசம் எல்லாம் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தன.

“எல்லாம் சுத்தம். கலப்பே கிடையாது,” என்று வந்தவர்களிடம் சொல்வார். கலப்பு என்ற சொல்லைச் சொல்லும்போதே பாலில் தண்ணீரைக் கண்டுபிடித்தவர் மாதிரி உதடு கோணும்.

கூடத்தில் நடுச்சுவர் மட்டும் காலியாக இருந்தது. அது இந்த வாளுக்கு.

எஸ்தர் தரங்கம்பாடியில் கடலைப் பார்த்த ஒரு வீட்டில் இருந்தார். வட ஐரோப்பாவில் ஓர் அருங்காட்சியகத்தில் பல வருஷம் ஆயுதங்களோடும் கவசங்களோடும் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். சபாநடேசனுக்கு மகள் வயது இருக்கும், அல்லது கொஞ்சம் கூட. தில்லியிலும் பம்பாயிலும் உள்ள பெரிய சேகரிப்பாளர்கள் அவர் வார்த்தைக்காகக் காத்திருப்பார்கள். அவர் அசல் என்றால் அசல்.

அந்த ஒரு வார்த்தையை வாங்கத்தான் நீதிபதி கார் ஏறி வந்தார். கிடைக்கவில்லை. மறுவாரம் வாளோடு மறுபடி வந்தார்.

“எனக்குப் பார்க்கத் தெரியலம்மா. சொல்லிக் குடுங்க.”

“எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?”

“அசல்னு தெரிஞ்சா நடுச்சுவர்ல மாட்டுவேன்.”

“இல்லேன்னா?”

“வீட்டை விட்டு வெளியே போட்டுடுவேன்.”

எஸ்தர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“அப்படிப் போட்டுப் பழக்கம் உண்டா ஐயா?”

சபாநடேசன் சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். கடல் எப்போதும்போல இருந்தது.

“வாள் இங்கயே இருக்கட்டும்,” என்றார் எஸ்தர். “நீங்க வெறுங்கையோட வந்து போங்க.”

*

முதல் பாடம் தரையில் நடந்தது. இரண்டு மார்புக் கவசங்களைத் துணியால் மூடி வைத்திருந்தார் எஸ்தர்.

“கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டுச் சொல்லுங்க. எது பழசு, எது போன வருஷம் செஞ்சது?”

நீதிபதி சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டையும் தடவினார்.

“ரெண்டும் வழவழன்னுதான் இருக்கு.”

“வெளியதானே தொட்டீங்க? உள்ள கையை விடுங்க.”

விட்டார். ஒன்றின் உட்புறம் கண்ணாடிபோல் இருந்தது. மற்றதில் சுத்தியல் அடி அடியாகக் கையில் தட்டுப்பட்டது.

“கரடுமுரடா இருக்கறது போலி,” என்று தீர்ப்புச் சொன்னார். “ஒழுங்கா வேலை தெரிஞ்சவன் உள்ளயும் இழைச்சிருப்பான்.”

“எதிர்ல நிக்கறவன் கவசத்துல எந்தப் பக்கத்தைப் பார்ப்பான்?”

“வெளிப்பக்கத்தை.”

“உள்பக்கத்தை யார் பார்ப்பா?”

“யாரும் பார்க்க மாட்டாங்க. போட்டிருக்கறவனுக்கு மட்டும் தெரியும்.”

“அப்ப கொல்லன் எதுக்கு இழைக்கணும்? இப்ப நெஞ்சுப் பக்கம் ரெண்டு விரலால பிடிச்சுப் பாருங்க. அப்புறம் கக்கத்துப் பக்கம்.”

பிடித்துப் பார்த்தார். கரடுமுரடானது நெஞ்சில் கனமாகவும் கக்கத்தில் மெலிதாகவும் இருந்தது. வழவழப்பானது எங்கும் ஒரே கனம்.

“குத்து எங்க விழும்னு தெரிஞ்சவன் அடிச்சது அது,” என்றார் எஸ்தர். “எல்லா இடமும் ஒரே கனமா இருக்கணும்னா தகடு ஆலையிலேருந்து வரணும்.”

சபாநடேசன் கண்ணைத் திறந்தார்.

“தீர்ப்பை மாத்திக்கறேன்.”

“பரவாயில்லையே. அப்பீல் இல்லாமயே மாத்திட்டீங்க.”

*

இன்னொரு நாள், தலைக்கவசத்தின் விளிம்பை எப்படிப் பார்ப்பது என்று எஸ்தர் சொல்லிக்கொண்டிருந்தார். நீதிபதியின் கைபேசி அடித்தது. திரையில் மங்கை என்று பெயர் வந்தது. அவர் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

“யாருங்க?”

“ராங் நம்பர்.”

“பேரு வச்ச ராங் நம்பரா?”

நீதிபதி தலைக்கவசத்தின் விளிம்பை ரொம்பக் கவனமாகப் பார்த்தார்.

“உங்களுக்குப் பிள்ளைங்க?” என்று எஸ்தர் கேட்டார்.

“யாரும் இல்ல.”

வாழ்நாளெல்லாம் அடுத்தவரிடம் சத்தியம் வாங்கியவர் சொன்ன பொய் அது.

மங்கையர்க்கரசி அவருடைய ஒரே மகள். காரைக்காலில் மீன்பிடித் துறைமுகத்தில் இன்ஜினியராக இருக்கும் அருளப்பனைக் கல்யாணம் செய்துகொண்டவள். வேறு சாதி, வேறு வேதம். எத்தனையோ ஜோடிகளின் கல்யாணம் செல்லும் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியவர் சபாநடேசன். அந்தத் தீர்ப்பெல்லாம் கோர்ட்டோடு நின்றுவிட்டது. மகள் மாலையோடு வாசலில் வந்து நின்றபோது கதவைச் சாத்திக்கொண்டார். மனைவி உயிரோடு இருந்திருந்தால் திறந்திருப்பாள். அவள் அதற்கு முன்பே போய்விட்டாள்.

அன்று கார் திரும்பும் வழியில் மகளின் குரல் கைபேசியில் வந்து கிடந்தது. ஓரமாக நிறுத்திக் கேட்டார்.

“அப்பா, தைப்பூசத்தன்னைக்குப் பாப்பாவுக்குக் காது குத்தறோம். தாய்மாமன் மடியில உட்கார வைக்கணும். எனக்கு அண்ணன் தம்பி யாரு இருக்கா? உங்க மடிதான்ப்பா. பூசத்துக்கு மொத நாள் ஒரு தடவை கூப்பிடுவேன். அன்னைக்கும் எடுக்கலேன்னா சரி, இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

நீதிபதி அதை அழிக்கவில்லை. ஓநாய் முத்திரையைப் பார்த்ததைவிட அதிகமுறை அந்தக் குரலைக் கேட்டார். பதில்தான் சொல்லவில்லை.

*

கார்த்திகை வந்தது. வீட்டு விளக்குகளை எல்லாம் வேலைக்காரம்மா புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் டேனிஷ் சிப்பாயின் தலைக்கவசம் கறுத்துப்போய்த் தொங்கியது. சபாநடேசனுக்கு மனசு கேட்கவில்லை. மிச்சமிருந்த புளியையும் சாம்பலையும் எடுத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். கை வலிக்கத் தேய்த்தார்.

தலைக்கவசம் எவர்சில்வர் குண்டான் மாதிரி ஆனது. அதை மடியில் வைத்துக்கொண்டு தரங்கம்பாடி போனார்.

“எப்படி இருக்கு பாருங்கம்மா! எல்லா அழுக்கும் போச்சு.”

எஸ்தர் வாங்கினார். நெற்றிப் பகுதியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்கவசத்தின்மேல் முழுக்கப் போர்த்தினார். சாவு வீட்டில் முகத்தை மூடுவதுபோல் மூடினார்.

“என்னம்மா?”

“இங்க ஒரு சின்ன முத்திரை இருந்திருக்கும். செஞ்சவனோட பேரு. அதுவும் சேர்ந்து போச்சு.”

“நான் முகத்தைத்தானே கழுவினேன்?”

“ஆமாங்க. கழுவிக் கழுவி முகத்தையே எடுத்துட்டீங்க.”

நீதிபதிக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே. ஆசையாகத்தான் தேய்த்தார்.

எஸ்தர் அதற்குமேல் திட்டவில்லை. உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். வேறு வேதக்காரர் வீட்டில் கை நனைக்காதவர் சபாநடேசன். ஆனால் எஸ்தர் கொடுக்கும் தேநீரை மட்டும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிப்பார். குரு வீடு என்பதால் அதற்கு விதிவிலக்கு உண்டு என்று தமக்குத் தாமே ஒரு உத்தரவு போட்டிருந்தார்.

*

அதன்பிறகு அவரைச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. எதைக் காட்டினாலும் குறை சொன்னார். இந்தத் திருகாணி புதிது, இந்தத் தோல் பழசு மாதிரி சாயம் போட்டது, இந்தத் துரு அமிலத்தில் வந்தது. வீட்டுக் கூடத்தில் பாதியை இறக்கிக் கொல்லைப்புற அறையில் போட்டுவிட்டார்.

எஸ்தர் ஒரு சின்னக் குறுவாளை எடுத்து நீட்டினார்.

“போலி,” என்றார் நீதிபதி. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“எப்படிச் சொல்றீங்க?”

“சந்தேகமா இருக்கு.”

“கோர்ட்ல சந்தேகம் வந்தா அதோட பலனை யாருக்குக் குடுப்பீங்க?”

“குற்றம் சாட்டப்பட்டவனுக்கு.”

எஸ்தர் குறுவாளை நீட்டியபடியே இருந்தார். கை இறங்கவில்லை. கடைசியில் நீதிபதி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, வெகுநேரம் பார்த்தார்.

“நல்ல சாமானா இருக்கும்போல,” என்றார்.

“மொதல்ல பார்த்தப்பவே அது நல்ல சாமான்தான்.”

*

மார்கழியில் ஒரு காலை. எஸ்தர் பம்பாய்க்காரர் ஒருவரோடு கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். இடையிடையே இந்தி, இங்கிலீஷ். முடிக்கும்போது தமிழில், “ஒண்ணும் பண்ண முடியாது. கல்யாணம் ஆனது ஆனதுதான்,” என்று தமக்குள் சிரித்துக்கொண்டார்.

“யாருக்குக் கல்யாணம்?” என்றார் சபாநடேசன்.

“ஒரு தலைக்கவசத்துக்கு.”

“தலைக்கவசத்துக்கா?”

“மண்டை ஒரு ஊர்ல செஞ்சது. முகத்தை மூடுற தகடு வேற ஊர்ல செஞ்சது. பின்னால யாரோ ரெண்டையும் சேர்த்துட்டாங்க. எங்க தொழில்ல அந்த மாதிரிச் சாமானைக் கல்யாணம்னு சொல்றது.”

“அப்ப அது போலி.”

“ரெண்டு பாதியும் அசல்.”

“சேர்ந்தது?”

“சேர்ந்தது கல்யாணம்.”

“மதிப்பு எப்படி?”

“சேகரிக்கறவங்க முகத்தைச் சுளிப்பாங்க. கலப்புன்னு சொல்லுவாங்க.”

“சுளிக்கத்தானே வேணும்!” நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். வெகுநாளைக்கப்புறம் தாம் சொன்னது சரி என்ற சந்தோஷம் அவருக்கு. “எங்க வீட்ல அந்த மாதிரி ஒண்ணுகூட இல்லம்மா. வாசல்லயே நிறுத்திடுவேன்.”

“தெரியுங்க,” என்றார் எஸ்தர்.

என்ன தெரியும் என்று அவர் கேட்கவில்லை. எஸ்தரும் சொல்லவில்லை.

*

தைப்பூசத்துக்கு முதல் நாள் சபாநடேசன் தாமாகவே தரங்கம்பாடிக்கு வந்துவிட்டார். எஸ்தர் வரச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கைபேசியை மேசைமேல் வைத்தார். அணைத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

“இன்னைக்கு என் வாளைப் பத்திச் சொல்லிடுங்க. பார்க்கக் கத்துக்கிட்டேன்ல?”

“சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க.”

எஸ்தர் வாளை எடுத்து வந்து சன்னலோரம் வைத்தார். நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஓநாயை முதலில் பார்க்கவில்லை. எடையைப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், விளிம்பில் விரலை ஓட்டினார்.

“அலகு அசல்,” என்றார். “பழசு. ஐரோப்பாவுல அடிச்சது. ஓநாய் பொய் சொல்லல.”

“ஓநாயும் கொஞ்சம் பொய் சொல்லும்ங்க. அது சோலிங்கன் ஊரோடதே இல்ல. பாசவ்னு இன்னொரு ஊர்க்காரங்க போட்டுக்கிட்டிருந்தது. நல்ல பேரு இருக்கேன்னு இவங்களும் எடுத்துக்கிட்டாங்க. அது கிடக்கட்டும், அலகு சோலிங்கன்தான். பிடியைச் சொல்லுங்க.”

கையை முழுக்க மூடும் கூண்டுப் பிடி அது. எல்லாம் இரும்பு. மேலே ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. நீதிபதிக்கு அந்தப் பறவைமேல் தனிப் பெருமை.

“ஜெர்மன் சக்கரவர்த்தியோட கழுகு,” என்றார்.

“கிட்டத்துல பாருங்க.”

பார்த்தார்.

“மூக்கு வளைஞ்சிருக்கு. கழுகுதான்.”

“கழுத்துல என்ன?”

“ஒரு கோடு. வளையம் மாதிரி.”

“கழுத்துல வளையம் போட்ட கழுகை எங்க பார்த்தீங்க?”

சபாநடேசன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து வெளியே தென்னை மரத்தில் ஒரு கிளி கத்திவிட்டுப் போனது. அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

இத்தனை நாளும் வந்தவர் போனவருக்கெல்லாம் கிளியைக் காட்டிச் சக்கரவர்த்தியின் கழுகு என்று சொல்லியிருக்கிறார். ஒரு கலெக்டர்கூடத் தலையாட்டியிருக்கிறார்.

“தஞ்சாவூர் வேலை,” என்றார் எஸ்தர். “அலகு கப்பல்ல வந்தது. பிடி இங்க போட்டது. இன்னும் ஒண்ணு இருக்கு. அலகுல இந்த மூணு புள்ளி என்ன சொல்லுங்க.”

பிடிக்குக் கொஞ்சம் கீழே மூன்று குழிகள் அரித்துப்போய்க் கிடந்தன.

“துரு.”

“மத்த இடத்துல இல்லாம அங்க மட்டும் ஏன் வரிசையா?”

அவருக்கே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் கை தன்னால் நெற்றிக்குப் போனது.

“ஆயுத பூஜை,” என்றார் மெதுவாக. “சந்தனம் குங்குமம் வச்ச இடம்.”

“வருஷா வருஷம் வச்சிருக்காங்க. இரும்பு அரிச்சு இறங்கற வரைக்கும். யாரோ இதை வீட்டு ஆளாத்தான் நினைச்சிருக்காங்க.”

சபாநடேசன் வாளைக் கீழே வைத்தார்.

“அப்ப இது கல்யாணம்.”

“ஆமாங்க.”

நடுச்சுவருக்கென்று காத்திருந்த மனுஷர் ரொம்ப நேரம் தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“பிரிச்சுக் குடுத்துடுங்க. எனக்கு அலகு மட்டும் போதும். அது சுத்தம்.”

“பிடி எப்படியும் ஆடுதுங்க. உள்ள இருக்கற அரக்கு செத்துப்போச்சு. ஒரு தடவை பிரிச்சுப் புது அரக்கு விட்டுத் திரும்பச் சேர்க்கணும்னுதான் நானே நினைச்சேன்.”

“சேர்க்க வேண்டாம். பிரிச்சாப் போதும்.”

“சரி,” என்றார் எஸ்தர். “ஆனா நீங்கதான் பிரிக்கணும்.”

*

எஸ்தர் இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டிச் சூடாக்கினார். வாளின் பிடியைச் சூட்டு மணலில் புதைத்துக் காத்திருந்தார்கள். மெல்ல ஒரு வாசம் எழுந்தது.

அந்த வாசம் நீதிபதிக்குப் பழக்கமானது. கோர்ட்டில் கட்டு கட்டாய்ச் சீல் வைப்பார்களே, அந்த அரக்கு வாசம். எத்தனை வழக்கு, எத்தனை வீடு.

“இப்ப இழுங்க,” என்றார் எஸ்தர். பிடியை ஈரத் துணியால் பற்றிக்கொண்டார்.

அலகைத் துணி சுற்றிப் பிடித்து நீதிபதி இழுத்தார். முதலில் வரவில்லை. மறுபடி இழுத்தார். சட்டென்று கையோடு வந்துவிட்டது.

பிடிக்குள் இதுவரை மறைந்திருந்த இரும்பின் வால், அரக்கு ஒட்டிக்கொண்டு வெளியே தெரிந்தது. எஸ்தர் ஒரு துணியை நீட்டினார். நீதிபதி அரக்கைத் துடைத்தார்.

துடைத்தவர் நின்றுவிட்டார்.

அலகு முழுக்கக் கறுத்துப் புள்ளி விழுந்து கிடந்தது. அந்த வால் மட்டும் நேற்று அடித்ததுபோல் வெள்ளையாக மின்னியது. சன்னல் வெளிச்சம் அதில் நின்றது.

“புளி போட்டுத் தேய்ச்சாங்களா?” என்று கேட்டார். கிண்டலாக இல்லை. நிஜமாகவே கேட்டார்.

“யாரும் தொடல. அது செஞ்ச அன்னைக்கு முழுக்க இப்படித்தான் இருந்திருக்கும்.”

“இங்க மட்டும் எப்படி அப்படியே இருக்கு?”

எஸ்தர் கையிலிருந்த பிடியைத் திருப்பி, அதன் வெற்றுக் குழியை அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினார்.

சபாநடேசன் குழியைப் பார்த்தார். மேலே கிளி உட்கார்ந்திருந்தது.

“பிரிச்சாச்சுங்க,” என்றார் எஸ்தர். “எடுத்துட்டுப் போங்க. நடுச்சுவர் காத்துக்கிட்டிருக்கும்.”

நீதிபதி சுற்றியிருந்த துணியை எடுத்துவிட்டு அலகை ஒற்றைக் கையால், சூடு தணிந்திருந்த வாலில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். இத்தனை கனத்தை அந்த மெல்லிய வாலில் பிடித்து நிறுத்த முடியவில்லை. அலகு கையில் புரண்டது. தடுக்கப் போன மற்றக் கையின் உள்ளங்கையில் கீறிவிட்டது.

எஸ்தர் பஞ்சை எடுத்துக் கொடுத்தார். அவர் ஒற்றிக்கொண்டார்.

பக்கத்தில் இன்னொரு சின்னச் சட்டியில் புது அரக்கு உருகி வாய்வரை தளும்பிக்கொண்டிருந்தது. எஸ்தர் எப்போது அதை வைத்தார் என்று நீதிபதி கவனிக்கவில்லை.

“அது எதுக்கு?”

“ஒருவேளை வேணுமேன்னு வச்சேன். இறக்கிடவா?”

“இறக்கி ஆறிப்போனா?”

“மறுபடி உருக்கலாம். ஆனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கருகும். அப்புறம் ஒரு நாள் எவ்வளவு உருக்கினாலும் பிடிக்காது.”

சபாநடேசன் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். பிறகு கையை நீட்டினார்.

“பிடியைக் குடுங்க.”

எஸ்தர் குழியில் அரக்கை ஊற்றினார். நீதிபதி அந்த வெள்ளை வாலை அதற்குள் இறக்கினார். அது தன் இடம் தெரிந்து உள்ளே போய் உட்கார்ந்தது.

“இனிமே அசையக் கூடாது,” என்றார் எஸ்தர். “ஆறுற வரைக்கும் ரெண்டு கையாலயும் நேரா பிடிச்சுக்குங்க. ஆடினா கோணிக்கும்.”

“எவ்வளவு நேரம்?”

“ஆறுற வரைக்கும்.”

அவர் பிடித்துக்கொண்டார். ஒரு கையில் கிளி, ஒரு கையில் துணி சுற்றிய அலகு. உள்ளங்கை எரிந்தது. நெற்றியில் வேர்த்தது. துடைக்கக் கை இல்லை.

அப்போது மேசைமேல் கைபேசி அடித்தது.

நீதிபதி வாளைப் பார்த்தார். கைபேசியைப் பார்த்தார். அது அடித்துக்கொண்டே மேசையில் நகர்ந்தது. ஒரு கையை விட்டால் போதும், கவிழ்த்து வைத்துவிடலாம். விடவில்லை.

எஸ்தர் திரையை எட்டிப் பார்த்தார்.

“ராங் நம்பரா ஐயா?”

“இல்லம்மா,” என்றார் சபாநடேசன். “என் பொண்ணு.”

“அப்புறம் பேசறேன்னு சொல்லவா?”

“அப்புறம் கூப்பிட மாட்டா. எடுங்க, எடுங்க.”

எஸ்தர் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

“என்ன சொல்லட்டும்?”

கை இரண்டும் அசையாமல், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க வழியில்லாமல், நீதிபதி சொன்னார்:

“மடி காலியாத்தான் இருக்குன்னு சொல்லுங்க.”